மனச்சோர்வையும் நாட்பட்ட வலியையும் இரத்தப் பரிசோதனையில் கண்டறிய முடியுமா?

கேள்வி
பதிவிட்டவர்: வெள்ளவத்தை வாசகி

அன்பின் உறுப்பினர்களுக்கு வணக்கம்.

நான் வெள்ளவத்தையில் வசிக்கிறேன்; வயது நாற்பதைக் கடந்துவிட்டது; ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பணியாற்றுகிறேன். கடந்த ஆண்டு எனக்குச் சிக்குன்குனியா வந்தது. காய்ச்சல் சில நாட்களில் இறங்கிவிட்டபோதிலும் மணிக்கட்டிலும் கணுக்காலிலும் விரல் மூட்டுகளிலும் ஏற்பட்ட உளைவு இன்னும் விடவில்லை. காலையில் எழுந்ததும் தேநீர்க் கோப்பையைப் பிடிப்பதற்கே விரல்கள் மடங்க மறுக்கின்றன. இதனோடு நித்திரையும் குறைந்துவிட்டது. அலுவலகத்தில் ஒரே நிரலை மீண்டும் மீண்டும் கூட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. முன்பு விருப்பத்தோடு செய்த எதிலும் இப்போது மனம் ஒட்டுவதில்லை.

எங்கள் குடும்ப வைத்தியர் குருதிக் கலங்களின் எண்ணிக்கை, உடலில் அழற்சி உண்டா என்று காட்டும் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி., தைரொயிட், சீனி, முடக்குவாதக் காரணி ஆகியவற்றைப் பார்க்கச் சொன்னார். அனைத்தும் சாதாரண அளவில் இருந்தன. அறிக்கைகளைப் பார்த்தபின் அவர் என்னிடம் நீண்ட நேரம் பேசிவிட்டு, இது நாட்பட்ட வலியோடு சேர்ந்து வந்த மனச்சோர்வாக இருக்கலாம் என்று சொல்லி, உளநல வைத்திய நிபுணர் ஒருவருக்குக் கடிதம் தந்தார். வீட்டில் அதை ஏற்க எவரும் தயாராக இல்லை. "றிப்போட்டில் ஒன்றுமே இல்லையே, பிறகு என்ன வருத்தம்?" என்று கணவர் கேட்கிறார். மாமி அதைக் கேட்பதுகூட இல்லை. அவருடைய முகமே சொல்லிவிடும்.

கனடாவில் இருக்கும் என் அண்ணா, மன அழுத்தத்தை அளப்பதற்கென்று கோர்ட்டிசோல், செரட்டோனின், விற்றமின் டி ஆகியவற்றைச் சேர்த்துச் செய்யும் பரிசோதனைத் தொகுதியொன்றை இங்குள்ள தனியார் ஆய்வுகூடத்தில் செய்துகொள்ளும்படி வற்புறுத்துகிறார். பணமும் அனுப்புவதாகச் சொல்கிறார், கட்டணம் சிறியதல்ல. நான் அறிய விரும்புவது இதுதான்: மனச்சோர்வு இருக்கிறது என்று காட்டக்கூடிய பரிசோதனை உண்மையில் உண்டா? கோர்ட்டிசோல் மன அழுத்தத்தை அளக்குமா? எனக்கு இருக்கும் வலியை எவ்வகையிலாவது எண்ணாக எழுதிக் காட்ட முடியுமா? உண்மையைச் சொல்வதானால், வீட்டில் காட்டுவதற்கு எனக்கு ஒரு தாள் வேண்டும்.


பதில் 1
பதிவிட்டவர்: ஆய்வுகூடப் பணியாளர்

அன்பின் சகோதரிக்கு,

நான் மருத்துவ ஆய்வுகூடத்தில் பல ஆண்டுகளாகப் பணிபுரிபவன். நோயைத் தீர்மானிப்பது வைத்தியரின் வேலை என்பதால் அதற்குள் நான் நுழையவில்லை. ஆனால் நீங்கள் குறிப்பிட்ட தொகுதியில் உள்ள இரண்டு பரிசோதனைகளைப் பற்றி, பணம் செலுத்துவதற்கு முன்னர் நீங்கள் அறிந்திருக்க வேண்டியவை சில உண்டு.

அழுத்த வேளையில் கூடுதலாகச் சுரக்கும் ஓர்மோனான கோர்ட்டிசோல் நாள் முழுவதும் ஒரே அளவில் இருக்கும் பொருளன்று. கண்விழித்து ஏறத்தாழ அரை மணி நேரத்துக்குப் பின்னர் அது உச்சத்தை அடைந்து, பகல் செல்லச் செல்ல இறங்கி, நள்ளிரவை ஒட்டி மிகக் குறைந்த நிலைக்கு வருகிறது. எனவே காலை எட்டு மணிக்கு எடுத்த இரத்தத்தையும் பதினொரு மணிக்கு எடுத்த இரத்தத்தையும் ஒரே அளவுகோலில் வைத்துப் பார்க்க முடியாது. காலை நேரத்துக்கென்று அறிக்கையில் அச்சிடப்படும் சாதாரண வீச்சும் மிக அகலமானது. அதன் கீழ் எல்லையைப் போல் பல மடங்காக அதன் மேல் எல்லை இருக்கும். அந்த வீச்சுக்குள் எங்கோ ஓரிடத்தில் விழும் ஓர் எண் உங்கள் மனநிலையைப் பற்றி எதையும் சொல்லாது. முதல்நாள் இரவு நித்திரை கெட்டாலும், காய்ச்சல் இருந்தாலும், காலி வீதி நெரிசலில் நேரம் பிந்தி ஓடிவந்து நாற்காலியில் அமர்ந்தாலும், ஊசியைக் கண்டு பயந்தாலும் அது ஏறும். ஈஸ்திரஜன் அடங்கிய கருத்தடை மாத்திரை எடுப்பவர்களுக்குக் கோர்ட்டிசோலைச் சுமந்து செல்லும் புரதம் கூடுவதால் மொத்த அளவு உயர்ந்து காணப்படும். உடலில் மாற்றம் எதுவும் இராது.

இன்னொன்றையும் கவனியுங்கள். சிக்குன்குனியாவுக்குப் பிந்திய மூட்டு உளைவுக்குச் சிலருக்குப் பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொயிட் மாத்திரை கொடுக்கப்படுகிறது. அந்த மாத்திரை உடலில் இயல்பாகச் சுரக்கும் கோர்ட்டிசோலைக் குறைக்கும். அதேவேளை பல ஆய்வுகூடங்களில் பயன்படும் கருவிகள் அந்த மருந்தையே கோர்ட்டிசோல் என்று எடுத்துக்கொண்டு கூட்டிக் காட்டுவதும் உண்டு. பெயர் எழுதாத கடதாசிப் பையில் மாத்திரை வாங்கி விழுங்கியவர்கள் பலர் தாங்கள் ஸ்டீரொயிட் எடுத்ததையே அறியமாட்டார்கள்.

நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் பொருளான செரட்டோனின் பற்றி: உடலில் உள்ள செரட்டோனினில் தொண்ணூறு சதவீதத்துக்கும் மேற்பட்டது குடலில் உருவாவது. இரத்தத்தில் உள்ளதில் பெரும்பகுதி குருதிச் சிறுதட்டுகளுக்குள் அடைபட்டிருக்கிறது. மூளையைச் சூழ்ந்துள்ள தடுப்பை அது கடப்பதில்லை. ஆகவே கையில் எடுத்த இரத்தத்தில் உள்ள செரட்டோனின் தலைக்குள் நடப்பதைக் காட்டாது. அதிலும் ஒரு விந்தை: மனச்சோர்வுக்குப் பரவலாகக் கொடுக்கப்படும் புளுவொக்ஸெற்றின், செர்ட்ராலின் போன்ற மருந்துகள் சிறுதட்டுகள் செரட்டோனினை உள்ளிழுப்பதைத் தடுப்பதால், மருந்தில் தேறி வருபவரின் இரத்தச் செரட்டோனின் மளமளவென்று இறங்கிவிடும். இந்தப் பரிசோதனைக்கு உண்மையான பயன் உண்டு, ஆனால் அது வேறிடத்தில்: குடலில் தோன்றும் ஒருவகை அரிய கட்டியைத் தேடும்போது செரட்டோனினையும், சிறுநீரில் வெளியேறும் அதன் கழிவுப் பொருளையும் அளப்பார்கள். அந்தச் சிறுநீர்ப் பரிசோதனைக்கு முன்னர் வாழைப்பழமும் அன்னாசியும் தக்காளியும் உண்ண வேண்டாம் என்று சொல்வோம். அவற்றை உண்டாலே எண் ஏறிவிடும். அப்படி ஏறும் எண்ணை வைத்து மனத்தை அளக்கப் போனால் என்ன கிடைக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

முடிப்பதற்கு முன் ஒன்று: தலைமுடிக்கும் நகத்துக்கும் என்று விற்கப்படும் பயோட்டின் மாத்திரைகளை எடுத்திருந்தால், தைரொயிட் அறிக்கை பிழையாக வரக்கூடும். அமெரிக்காவின் உணவு மருந்து நிருவாகம் 2017இல் இது குறித்து எச்சரிக்கை வெளியிட்டது. எடுத்திருந்தால் வைத்தியரிடம் சொல்லுங்கள்.


பதில் 2
பதிவிட்டவர்: உளமருத்துவப் பிரிவில் பணிபுரிபவர்

சகோதரியின் முதற் கேள்விக்கு நேரடியான விடை: இல்லை. மனச்சோர்வு ஒருவருக்கு உண்டு அல்லது இல்லை என்று தீர்மானிக்கும் இரத்த, உமிழ்நீர், மரபணு அல்லது ஸ்கேன் பரிசோதனை எதுவும் இன்று உலகின் எந்த வைத்தியசாலையிலும் வழக்கமான பயன்பாட்டில் இல்லை. ஆனால் இந்த "இல்லை" என்பதன் பின்னால் அரை நூற்றாண்டுக்கும் மேற்பட்ட தேடல் இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால், அண்ணா சொல்லும் தொகுதியை எங்கே வைப்பது என்று உங்களுக்கே விளங்கும்.

ஒருகாலத்தில் அந்தப் பரிசோதனை கிடைத்துவிட்டது என்றே உளமருத்துவம் நம்பியது. 1981இல் அமெரிக்காவில் பேர்னாட் கெரல் என்ற வைத்தியரும் அவரது குழுவினரும் ஒரு முறையை முன்வைத்தார்கள். இரவு பதினொரு மணிக்கு ஒரு மில்லிகிராம் டெக்சாமெதசோன் என்ற ஸ்டீரொயிட் மருந்தைக் கொடுத்தால், உடல் தன் கோர்ட்டிசோல் சுரப்பை மறுநாள் அடக்கிக்கொள்ள வேண்டும். கடுமையான மனச்சோர்வு உள்ளவர்களில் பலருக்கு அந்த அடக்கம் நிகழ்வதில்லை என்றும், நோயுள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினரை இவ்வாறு பிடித்துவிடலாம் என்றும், நோயற்றவரைத் தவறாகப் பிடிப்பது மிக அரிது என்றும் அவர்கள் எழுதினார்கள். சில ஆண்டுகள் அது பரவலாகச் செய்யப்பட்டது. பிறகுதான், முதுமை மறதி உள்ளவர்களிடத்திலும், மது அருந்துவதை நிறுத்தியவர்களிடத்திலும், உணவின்றி உடல் மெலிந்தவர்களிடத்திலும் அதே முடிவு வருவது தெரிந்தது; வேறு உளநோய்களிலும் வந்தது; மனச்சோர்வு உள்ள வெளிநோயாளர் பலரிடம் வரவேயில்லை. 1987இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் குழு, இதை வழக்கமான பரிசோதனையாகப் பயன்படுத்துவதற்கு ஆதாரம் போதாது என்று அறிவித்தது. கோர்ட்டிசோல் அளவுக்கு மீறியிருக்கும் குஷிங் நோயைத் தேடும்போது இன்றும் இதே பரிசோதனையைச் செய்கிறோம். அங்கே அது நன்றாக உதவுகிறது.

இதற்குப் பின்னர் வந்தவற்றுக்கும் பெரும்பாலும் இதே கதைதான். மனச்சோர்வு உள்ள ஆயிரம் பேரையும் இல்லாத ஆயிரம் பேரையும் எடுத்தால், முதற் கூட்டத்தில் சி.ஆர்.பி.யின் சராசரி சற்றுக் கூடுதலாக இருக்கும். நரம்புக் கலங்களின் வளர்ச்சிக்கு உதவும் பி.டி.என்.எப். என்ற புரதம் சற்றுக் குறைவாக இருக்கும். மூளையின் ஹிப்போகம்பஸ் என்ற பகுதி சற்றுச் சிறிதாக இருக்கும். இவை பொய்யல்ல, பலமுறை திரும்பத் திரும்பக் காணப்பட்டவை. ஆனால் ஆண்களின் சராசரி உயரம் பெண்களின் சராசரியைவிடக் கூடுதலாக இருப்பதால், ஒருவரின் உயரத்தை மட்டும் கேட்டு அவர் ஆணா பெண்ணா என்று எவரும் தீர்ப்பெழுதுவதில்லை அல்லவா? உயிரியற் குறிகாட்டிகளில் இரு கூட்டங்களும் அதைவிடவும் அதிகமாக ஒன்றின்மேல் ஒன்று படிந்து கிடக்கின்றன. 2024இல் வெளிவந்த ஜேர்மனிய ஆய்வொன்றில், 1,800 பேரளவிலானோரின் மூளை ஸ்கேன்களைக் கணினிக்குக் கொடுத்து, நோயுள்ளவர் யார், இல்லாதவர் யார் என்று பிரிக்கச் சொன்னார்கள். எத்தனையோ முறைகளை முயன்றும், சரியாகப் பிரித்த வீதம் 62 சதவீதத்தைத் தாண்டவில்லை. நாணயத்தைச் சுண்டினாலே ஐம்பது கிடைக்கும்.

மரபணு விடயமும் அவ்வாறே. 2003இல் செரட்டோனினைக் கடத்தும் புரதத்துக்குரிய ஒரே ஒரு மரபணுதான் வாழ்க்கைத் துயரம் யாரை மனச்சோர்வில் தள்ளும் என்பதைத் தீர்மானிக்கிறது என்பது போலப் பேசப்பட்டது. 2019இல் லட்சக்கணக்கானோரின் தரவுகளைக் கொண்டு அத்தகைய பதினெட்டு மரபணுக்களை ஆராய்ந்தபோது, அவற்றில் ஒன்றுக்கும் ஆதாரம் கிடைக்கவில்லை. 2025இல் வெளியான மிகப் பெரிய ஆய்வு மரபணுத்தொகுதியில் மனச்சோர்வோடு தொடர்புடைய ஏறத்தாழ எழுநூறு மாறுபாடுகளை அடையாளம் கண்டிருக்கிறது. ஒவ்வொன்றின் பங்கும் மிகமிகச் சிறியது. பரம்பரைக்குப் பங்கு உண்டு என்பது உறுதி. அதை ஒருவரின் அறிக்கையாக அச்சிட்டுத் தர இயலாது என்பதும் அதேயளவு உறுதி.

மன அழுத்தம் பற்றிய இரண்டாம் கேள்விக்கு, முன்னர் எழுதிய நண்பர் போதிய விடை தந்துவிட்டார். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். மன அழுத்தம் என்றால் கோர்ட்டிசோல் கூடும் என்பது குறுகிய கால அழுத்தத்துக்கே பொருந்தும். நீண்டகாலம் துன்பத்தில் இருந்தவர்களில், குறிப்பாக அதிர்ச்சிக்குப் பிந்திய உளநெருக்கீடு உள்ளவர்களில், கோர்ட்டிசோல் குறைந்திருப்பதைக் காட்டிய ஆய்வுகளும் உண்டு. முடியில் படியும் கோர்ட்டிசோலை அளக்கும் முறையும் இருக்கிறது; முடி மாதத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் அளவில் வளர்வதால், தலையோடு ஒட்டிய மூன்று சென்ரிமீற்றர் துண்டு கடந்த மூன்று மாதங்களின் கதையைச் சொல்லும். ஆய்வாளர்களுக்கு அது நல்ல கருவி. ஒரு தனி நோயாளியின் சிகிச்சையை மாற்றுவதற்கு அதைக் கொண்டு இன்னும் எதையும் செய்ய முடியாது.

அப்படியென்றால் உங்கள் குடும்ப வைத்தியர் ஏன் இரத்தம் எடுக்கச் சொன்னார் என்று கேட்கலாம். அவர் தேடியது மனச்சோர்வை அல்ல. மனச்சோர்வைப் போலத் தோற்றமளிக்கக்கூடிய வேறு நோய்களை. தைரொயிட் குறைந்தால் களைப்பும் மந்தமும் வரும். இரத்தச்சோகையிலும் வரும். கட்டுப்பாடற்ற சலரோகத்திலும் வரும். அவை இல்லை என்று அறிக்கை சொல்லியிருக்கிறது. "இந்த நான்கைந்து நோய்களும் இல்லை" என்ற விடையை "வருத்தமே இல்லை" என்று வீட்டில் வாசித்துவிட்டார்கள். ஒற்றைத் தலையிடிக்கும் இரத்தப் பரிசோதனை கிடையாது. ஆனால் இருட்டறையில் தலையைப் பிடித்துக்கொண்டு படுத்திருப்பவரைப் பார்த்து எவரும் அறிக்கை எங்கே என்று கேட்பதில்லை.

தாள் வேண்டும் என்றீர்கள். அது கிடைக்கும். 2001இல் வெளியிடப்பட்ட, கடந்த இரண்டு வாரங்களைப் பற்றிய ஒன்பது வினாக்கள் கொண்ட பி.எச்.கியூ-9 என்ற படிவம் உண்டு. ஒவ்வொரு வினாவுக்கும் பூச்சியம் முதல் மூன்று வரை புள்ளி, மொத்தம் 27. பத்தும் அதற்கு மேலும் வந்தால் மேலதிகமாக விசாரிக்க வேண்டும் என்பது வழக்கம். படிவம் மட்டும் நோயைத் தீர்மானிப்பதில்லை. நேர்முகமாகப் பேசித்தான் தீர்மானிப்போம். ஆனால் சிகிச்சை தொடங்கும்போது ஒருமுறையும் பின்னர் ஒவ்வொரு சந்திப்பிலும் அதை நிரப்பி வைத்தால், எண் இறங்குகிறதா ஏறுகிறதா என்பதை உங்கள் கணவரும் பார்க்கலாம். இன்றைய நிலையில் எந்த இரத்தப் பரிசோதனையைக் காட்டிலும் அது உங்கள் நிலையை நெருக்கமாகக் காட்டும்.


பதில் 3
பதிவிட்டவர்: உயிரியல் மாணவன்

வைத்தியர் ஐயாவுக்கு வணக்கம். நீங்கள் சொல்லும் முடிவோடு எனக்குப் பெரும்பாலும் உடன்பாடே. ஆனால் சி.ஆர்.பி.யை மற்றவற்றோடு சேர்த்து ஒரே மூச்சில் தள்ளிவிடுவது சரியென்று எனக்குத் தோன்றவில்லை. மனச்சோர்வு உள்ளவர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு அது லீற்றருக்கு மூன்று மில்லிகிராமைத் தாண்டியிருக்கிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். முன்பு ஈரல் அழற்சி சி நோய்க்கு இன்டர்பெரோன் ஊசி போடப்பட்டவர்களில் கணிசமானோர் சில வாரங்களுக்குள் மனச்சோர்வுக்கு ஆளானார்கள். அதாவது, அழற்சியைத் தூண்டும் பொருளை உடலில் செலுத்தினால் மனம் சோர்வடைவதைக் கண்முன்னே கண்டிருக்கிறார்கள். மனச்சோர்வு என்பது ஒரே நோயன்று, பல நோய்களுக்கு வைத்த ஒரே பெயர் என்று எடுத்துக்கொண்டால், அழற்சியோடு கூடிய ஒரு பிரிவைப் பிரித்தறிய இந்தக் குறிகாட்டி உதவாதா? காய்ச்சலும் வலியும் மனச்சோர்வும் ஒரே வேரிலிருந்து வரலாம் என்பதற்குச் சகோதரியின் நிலையே பொருத்தமான எடுத்துக்காட்டாக இருக்கக்கூடும்.


பதில் 4
பதிவிட்டவர்: உளமருத்துவப் பிரிவில் பணிபுரிபவர்

தம்பியின் கேள்வி நல்ல கேள்வி. ஆய்வுலகில் இன்று மிகவும் நம்பிக்கை தரும் பாதை அதுதான் என்பதில் எனக்கும் ஐயமில்லை.

2013இல் அட்லாண்டாவில் உள்ள எமரி பல்கலைக்கழகத்தினர் வெளியிட்ட பரிசோதனையை நீங்கள் வாசித்திருப்பீர்கள். வழமையான மருந்துகளுக்குக் குணமாகாத அறுபது பேருக்கு, மூட்டுவாதத்துக்குப் பயன்படும் இன்பிளிக்சிமாப் என்ற அழற்சி எதிர்ப்பு மருந்தையோ அல்லது வெறும் கரைசலையோ ஏற்றினார்கள். மொத்தமாகப் பார்த்தால் இரு பிரிவினருக்கும் வேறுபாடு இல்லை. ஆனால் தொடக்கத்தில் சி.ஆர்.பி. ஐந்துக்கு மேல் இருந்தவர்கள் மருந்தில் கூடுதலாகத் தேறினார்கள். குறைவாக இருந்தவர்களோ வெறும் கரைசலிலேயே நன்றாகத் தேறினார்கள். அதாவது அந்த எண் நோய் உண்டா இல்லையா என்பதைக் காட்டவில்லை. எந்தச் சிகிச்சை யாருக்குப் பொருந்தும் என்பதைக் காட்டக்கூடும் என்ற நம்பிக்கையைத் தந்தது. அறுபது பேரைக் கொண்டு அதற்குமேல் சொல்ல முடியாது.

வைத்தியசாலையில் எங்களுக்கு வரும் தடை வேறு. சி.ஆர்.பி. ஈரலில் உருவாவது, தடிமன் பிடித்தாலும், முரசு வீங்கினாலும், புகைபிடித்தாலும், வயிற்றில் கொழுப்புக் கூடினாலும் அது ஏறும். மனச்சோர்வு உள்ள ஒருவரிடம் நான்கு என்று வந்தால், அது மனத்தோடு தொடர்புடையதா, பல்லோடு தொடர்புடையதா என்று பிரித்துச் சொல்லும் வழி என்னிடம் இல்லை. நாளைக்கே இந்தத் துறை முன்னேறினால் நானே முதலில் அதைப் பயன்படுத்துவேன். மேலும், சகோதரியின் சி.ஆர்.பி. சாதாரண அளவில்தான் இருக்கிறது என்பதையும் மறக்கக்கூடாது. உங்கள் கருதுகோளின்படி அவர் அந்தப் பிரிவுக்குள்ளேயே வரமாட்டார். ஆனால் அவருடைய துன்பம் அதனால் குறைந்துவிடவில்லை.


பதில் 5
பதிவிட்டவர்: கொட்டாஞ்சேனை ஆசிரியை

அன்பின் தங்கைக்கு,

ஓய்வுபெற்ற ஆசிரியை எழுதுகிறேன். வைத்தியம் படித்தவள் அல்லள். நெடுங்காலமாக வலியோடு இருப்பவள். உங்கள் மூன்றாவது கேள்விக்கு எவரும் இன்னும் விடை எழுதவில்லை என்பதால் எழுதுகிறேன்.

எனக்கு முதலில் வந்தது நாரி உளைவு. எம்.ஆர்.ஐ. ஸ்கேன் செய்தார்கள், முள்ளந்தண்டு எலும்புகளுக்கு இடையே உள்ள டிஸ்க் தேய்ந்து, ஓரிடத்தில் பிதுங்கியிருப்பதாக அறிக்கை வந்தது. வீட்டில் எல்லோரும் என்னை மெத்தையிலிருந்து எழும்ப விடவில்லை. தாளில் ஒன்று எழுதியிருந்ததால் எனக்குக் கிடைத்த மரியாதையைப் பார்க்க வேண்டும்! பின்னர் நான் 'சனல்' செய்து (தனியார் வைத்தியசாலையில் முன்பதிவு செய்து) பார்த்த வலி மருத்துவ நிபுணர் ஒருவர் அந்தப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, 2015இல் வெளியான ஒரு தொகுப்பாய்வை எனக்கு விளக்கினார். முதுகில் எந்த வலியும் இல்லாத மூவாயிரம் பேருக்கும் மேற்பட்டோரின் ஸ்கேன்களை அதில் பார்த்திருக்கிறார்கள். நாற்பது வயதினரில் 68 சதவீதத்தினருக்கு டிஸ்க் தேய்ந்திருக்கிறது. பாதிப் பேருக்குப் பிதுங்கியிருக்கிறது. எண்பது வயதினரில் தேயாதவர்களைக் காண்பதே அரிது. நரை விழுவதைப் போல அதுவும் வயதோடு வருவதுதானாம். படத்தில் உள்ளது எல்லாம் வலியல்ல, வலி எல்லாம் படத்தில் இல்லை என்று அன்றுதான் விளங்கிக்கொண்டேன்.

அதன்பின் வலி உடம்பெல்லாம் பரவியது. பைப்ரோமயால்ஜியா என்று பெயர் சொன்னார்கள். 1990இல் அமெரிக்க வாதநோயியல் கல்லூரி வகுத்த விதிப்படி உடம்பில் பதினெட்டுப் புள்ளிகளை அழுத்திப் பார்த்து, குறைந்தது பதினொன்றில் நோவு இருந்தால்தான் அந்தப் பெயரைச் சொல்லலாம். என்னைப் பரிசோதித்த மூத்த வைத்தியர் பழைய பழக்கத்தில் அதையும் செய்தார். தன் பெருவிரல் நகம் வெளுக்கும் வரை கழுத்தடியிலும் தோளிலும் முழங்கையின் வெளிப்புறத்திலும் அழுத்தி, நான் முகம் சுளிக்கும்போதெல்லாம் ஒரு சிறு குறி இட்டுக்கொண்டே போனார். நகம் வெளுத்தால் ஏறத்தாழ நான்கு கிலோ அழுத்தம் என்பது கணக்காம். 2010இல் வந்த புதிய விதியில் அந்தப் புள்ளிகளையே விட்டுவிட்டார்கள். இப்போது வலி உள்ள இடங்கள் எத்தனை, நித்திரை எப்படி, களைப்பு எப்படி, யோசிக்க முடிகிறதா என்று கேட்டுத்தான் முடிவு செய்கிறார்கள்.

வலியைப் பற்றி ஆராயும் சர்வதேச சங்கம் 2020இல் தன் வரைவிலக்கணத்தைத் திருத்தியபோது, வலி என்பது எப்போதும் தனிப்பட்ட அனுபவம் என்றும், ஒருவர் தனக்கு வலிக்கிறது என்று சொன்னால் அதை மதிக்க வேண்டும் என்றும் சேர்த்து எழுதியிருக்கிறது. அந்தக் குறிப்பை மகளைக் கொண்டு அச்சிட்டு வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வைத்தேன். என் கணவர் முதலில் சிரித்தார், அதை எடுக்கவில்லை.

ஆராய்ச்சி ஒன்றும் நின்றுவிடவில்லை. பைப்ரோமயால்ஜியா உள்ளவர்களின் இரத்தத்திலிருந்து பிரித்த பிறபொருளெதிரிகள் என்ற நோயெதிர்ப்புப் புரதங்களை எலிகளுக்கு ஏற்றியபோது அவை அழுத்தத்துக்கும் குளிருக்கும் கூடுதலாகக் கூசியதாக 2021இல் இங்கிலாந்தின் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். நம்மைப் பொய்யர் என்று சொன்னவர்களுக்கு எலிகள் விடை சொல்லிவிட்டன என்று எனக்குள் ஒரு திருப்தி. ஆனால் அதுவும் இன்னும் ஆய்வுகூடத்துக்குள்ளேதான் இருக்கிறது. வெள்ளவத்தையில் பணம் கட்டிச் செய்யும் பரிசோதனையாக வரவில்லை.


பதில் 6
பதிவிட்டவர்: வெள்ளவத்தை வாசகி

பதில் எழுதிய அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி. நேற்றிரவு இந்த இழையைக் கணவரிடம் வாசிக்கக் கொடுத்தேன். டிஸ்க் பற்றிய பகுதியை இருமுறை வாசித்தார். அவருக்கும் அப்படியொரு அறிக்கை அலுமாரியில் இருக்கிறது. உளநல வைத்தியரிடம் தானும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

செரட்டோனின், கோர்ட்டிசோல் பரிசோதனைகளை விட்டுவிடத் தீர்மானித்தேன். அண்ணா மட்டும் விற்றமின் டியையாவது செய் என்று விடாப்பிடியாக நிற்கிறார். நாங்கள் வீட்டில் சைவ உணவுதான் உண்பது; அதனால் வேறு ஏதாவது பார்க்க வேண்டுமா? மருந்து தொடங்கினால் வலிக்கு ஒன்றும் மனத்துக்கு ஒன்றுமாக இரண்டு மூன்று எடுக்க வேண்டியிருக்குமோ என்ற யோசனையும் இருக்கிறது.


பதில் 7
பதிவிட்டவர்: உளமருத்துவப் பிரிவில் பணிபுரிபவர்

சைவ உணவு என்றால் விற்றமின் பி12 பார்ப்பது பொருத்தமானது. முட்டையும் பாலும் குறைவாக எடுப்பவர் என்றால் கட்டாயம் பாருங்கள். அது குறைந்தால் களைப்பு, கைகால் விறைப்பு, நினைவு மந்தம், மனச்சோர்வு எல்லாம் வரலாம். அதை நிரப்பினால் தேறவும் செய்யலாம். இரும்புச் சேமிப்பைக் காட்டும் பெரிற்றினையும் கூடவே பாருங்கள்.

விற்றமின் டி குறைவாக இருந்தால் எலும்புக்காக அதை நிரப்ப வேண்டும். மனச்சோர்வு அதனால் விலகும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஐம்பது வயதுக்கு மேற்பட்ட பதினெட்டாயிரம் பேருக்கும் அதிகமானோருக்கு ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் நாளாந்தம் விற்றமின் டி கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வொன்று 2020இல் வெளிவந்தது. மனச்சோர்வு வருவதை அது தடுக்கவில்லை. அண்ணாவின் பணத்தை மறுக்க மனமில்லையென்றால், இயன்மருத்துவருக்கோ உளவளத்துணையாளருக்கோ செலவிடுங்கள்.

மருந்துகள் பற்றி: டுலொக்ஸெற்றின் மனச்சோர்வுக்கும் சிலவகை நாட்பட்ட வலிக்கும் பயன்படுவது, அமிற்றிப்டிலினைக் குறைந்த அளவில் வலிக்கும் நித்திரைக்கும் கொடுப்பதுண்டு. வலியையும் மனநிலையையும் கையாளும் நரம்புப் பாதைகள் மூளையிலும் முள்ளந்தண்டிலும் பல இடங்களில் ஒன்றாகவே செல்வதால் ஒரே மருந்து இரண்டுக்கும் உதவுவது வியப்பன்று. எது உங்களுக்குப் பொருந்தும் என்பதை நேரில் பார்ப்பவர்தான் சொல்ல வேண்டும். அவரிடம் செல்லும்போது இப்போது எடுக்கும் எல்லா மாத்திரைகளையும், ஆயுர்வேத, சித்த மருந்துகள் உட்பட, பையோடு கொண்டுசெல்லுங்கள். பெயர் எழுதாத மாத்திரை ஏதேனும் இருந்தால், அது ஸ்டீரொயிட்டா என்று தெரியும் வரை திடீரென நிறுத்தவும் வேண்டாம்.

காலையில் விரல்கள் மடங்க மறுப்பதாக முதற் பதிவில் எழுதியிருந்தீர்கள். அந்த இறுக்கம் அரை மணி நேரத்துக்கு மேல் நீடித்தாலோ, மூட்டு வீங்கிச் சூடாக இருந்தாலோ, ஈ.எஸ்.ஆர். சாதாரணமாக இருந்தாலும்கூட ஒரு வாதநோய் நிபுணரும் உங்களைப் பார்ப்பது நல்லது. சிக்குன்குனியாவுக்குப் பின் உண்மையான மூட்டழற்சி சிலருக்குத் தங்கிவிடுவதுண்டு. மனச்சோர்வு இருக்கிறது என்பதற்காக மூட்டைப் பார்க்காமல் விடக்கூடாது. சந்திப்புக்கு நாள் கிடைப்பதற்கு முன்னர், வாழ்வதில் பயனில்லை என்பது போன்ற எண்ணம் வந்தால் காத்திருக்க வேண்டாம்; தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு இரவிலும் அழைக்கலாம், அல்லது அருகிலுள்ள அரச வைத்தியசாலைக்கு நேரே செல்லலாம். கணவர் உடன் வருவது நல்லது. ஆனால் முதற் பத்து நிமிடங்கள் தனியாகப் பேச வேண்டும் என்று வைத்தியரிடம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.